இரண்டு கேன் தண்ணீர்

1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுப் பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. என் ஊர் மயிலாடி அகஸ்தீஸ்வரத்தில் இருக்கிறது. அந்தச் சேர்க்கை சும்மா வரவில்லை. 1954-ல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். என் அப்பா கடைசிவரை அதைப் பெருமையோடுதான் சொல்வார். நானும் அந்தப் பெருமையில் குறை வைக்கவில்லை. ஆனால் அந்தச் சேர்க்கைக்கு யாரும் கணக்கில் எடுக்காத ஒரு பின்விளைவு உண்டு. முப்பது வருஷத்துக்கு மேல் ஆற்றுத் தண்ணீரையும் ஆலைத் தண்ணீரையும் கேனில் பிடித்துச் சீல் வைத்துப் பிழைத்தவன் என்பதால் அது என் கண்ணில் படுகிறது.

1974 மார்ச் 23-ஆம் தேதி தண்ணீர் மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். சுதந்திர இந்தியாவில் சுற்றுச்சூழலுக்கென்று பாராளுமன்றம் போட்ட முதல் பெரிய சட்டங்களில் அது ஒன்று. அதன் முதல் பிரிவைப் படித்தால் ஒரு பட்டியல் இருக்கும்: அசாம், பீகார், குஜராத், ஹரியானா, இமாசலப் பிரதேசம், ஜம்மு காஷ்மீர், கர்நாடகம், கேரளம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், திரிபுரா, மேற்கு வங்கம். பன்னிரண்டு மாநிலம். கேரளம் இருக்கிறது, தமிழ்நாடு இல்லை. நாங்கள் பழைய எல்லையிலேயே கிடந்திருந்தால் அந்த வருஷமே எங்கள் பழையாற்றுக்குச் சட்டம் வந்திருக்கும். தமிழ்நாட்டில் நீர் மாசுத் தடுப்பு வாரியம் அமைந்தது 1982 பிப்ரவரி 27-ல். எட்டு வருஷம் இடைவெளி.

ஏன் இப்படி என்றால், தண்ணீர் அரசியல் சாசனத்தில் மாநிலங்களின் பட்டியலில் உள்ள விஷயம். பாராளுமன்றம் அதில் நேராகக் கை வைக்க முடியாது. இரண்டு மாநிலச் சட்டசபைகளாவது தீர்மானம் போட்டு ‘எங்களுக்காக நீங்களே சட்டம் செய்யுங்கள்’ என்று கேட்டால், 252-ஆம் பிரிவின்படி டெல்லி சட்டம் செய்யலாம். கேட்ட மாநிலத்துக்கு மட்டும் அது பொருந்தும். மற்றவர்கள் பிறகு விரும்பினால் சேரலாம். 1969-லேயே மசோதா ராஜ்யசபைக்கு வந்துவிட்டது. அது சட்டமாக ஐந்து வருஷம் ஆயிற்று. இதற்கிடையில் 1972 ஜூனில் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு கூடி, இந்திரா காந்தி போய்ப் பேசிவிட்டு வந்தார். அதே வருஷம் அக்டோபரில் அமெரிக்காவில் அதிபர் நிக்சன் வீட்டோ செய்த தண்ணீர்ச் சட்டத்தை அவர்களுடைய காங்கிரஸ் அவரையும் மீறி நிறைவேற்றியது. அங்கே க்ளீவ்லாந்து நகரத்துக் கயஹோகா ஆறு 1969-ல் தீப்பற்றி எரிந்திருந்தது. எண்ணெய் மிதக்கும் ஆறு, எரியத்தானே செய்யும்.

எட்டு வருஷத் தாமதத்தால் எங்கள் நாஞ்சில் நாட்டுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால், உண்மையைச் சொல்ல வேண்டும், பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் பக்கம் அப்போது சொல்லும்படி ஆலை கிடையாது. நஷ்டம் பாலாற்றுக்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

மயிலாடி கல்வேலைக்குப் பேர்போன ஊர். சுசீந்திரம் கோவில் வேலைக்கு வந்த சிற்பிகளின் வழிவந்தவர்கள் நாங்கள் என்று வீட்டில் சொல்வார்கள். அப்பா பட்டறையில் உளி பிடித்தார். எனக்கு அந்தக் கை வாய்க்கவில்லை. வேதியியல் படித்துவிட்டு, புதிதாக முளைத்திருந்த வாரியத்தில் களப்பணிக்குச் சேர்ந்து வேலூர், திண்டுக்கல், திருப்பூர் என்று ஓடினேன். ‘தண்ணியப் புடிக்கதுக்கு ஒரு சர்க்கார் உத்தியோகமாடே?’ என்று பாட்டா சிரித்தார். அவர் கேட்டது நியாயம்தான். ஊர்க்குளத்தில் எந்தப் படித்துறையில் துணி துவைக்கலாம், எந்தக் கரையில் மாட்டைக் குளிப்பாட்டலாம், குடிக்க எந்த ஊற்றில் கோர வேண்டும் என்பதெல்லாம் அவர் காலத்தில் எழுதாமலே நடந்தது. மீறினால் ஊர்க்கூட்டம். சான்று தேவையில்லை, பார்த்தவன் சொன்னால் போதும்.

அந்தக் காலத்தை நினைத்து உருகுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. குளத்தைக் காத்த அதே வழக்கம்தான் யார் குளத்துப் பக்கமே வரக்கூடாது என்றும் சொன்னது. 1809-ல் ரிங்கல்தௌபே பாதிரியார் இந்த மயிலாடியில் தென் திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்தக் கிறிஸ்தவ ஆலயத்தைக் கட்டியபோது அதில் வந்து சேர்ந்தவர்களில் பலருக்கு ஊரின் நல்ல தண்ணீரில் பங்கு இல்லை. மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டது 1936-ல்தான். அதுவரை திருவிதாங்கூரில் ‘தண்ணீர் கெட்டுப்போச்சு’ என்றால் பெரும்பாலும் சாக்கடை விழுந்தது என்று அர்த்தமில்லை, கீழே தள்ளப்பட்ட ஒருவன் தொட்டுவிட்டான் என்றுதான் அர்த்தம்.

எழுதிய சட்டம் என்று பார்த்தால், பிரிட்டிஷ் இந்தியாவில் 1860-ன் தண்டனைச் சட்டம் 277-ஆம் பிரிவு. பொது ஊற்றையோ நீர்த்தேக்கத்தையோ வேண்டுமென்றே கெடுத்து, வழக்கமான உபயோகத்துக்கு லாயக்கில்லாமல் செய்தால் மூன்று மாதம் வரை ஜெயில், ஐந்நூறு ரூபாய் வரை அபராதம். திருவிதாங்கூர் அதை ஒட்டி கொல்லம் 1074-ல் தனக்கென்று ஒரு தண்டனைச் சட்டம் செய்துகொண்டது. இந்தப் பிரிவில் இரண்டு கண்ணி இருந்தது. வேண்டுமென்றே செய்தான் என்பதைக் குற்றம் சாட்டுகிறவன் நிரூபிக்க வேண்டும். அடுத்தது, ‘ஊற்று அல்லது நீர்த்தேக்கம்’ என்றால் ஓடுகிற ஆறு அதில் சேருமா? 1880-களின் தொடக்கத்திலேயே சென்னை உயர் நீதிமன்றம் சேராது என்று சொல்லிவிட்டது. ஆக, ஊர்க்கிணற்றில் அழுக்குத்துணி அலசியவன் குற்றவாளி. ஆற்றில் எதைக் கொட்டினாலும் அந்தப் பிரிவு தீண்டாது.

1860-ல் ஐந்நூறு ரூபாய் என்பது ஒரு குமாஸ்தாவின் பல மாதச் சம்பளம். அந்த எண்ணிக்கையை யாரும் மாற்றவேயில்லை. 2024 ஜூலை 1-ல் பாரதிய நியாய சம்ஹிதா அமலுக்கு வந்தபோதுதான் அது ஆறு மாதம், ஐயாயிரம் ரூபாய் என்று ஆயிற்று. நூற்று அறுபத்து நாலு வருஷம் கழித்துப் பத்து மடங்கு. தங்கம் எத்தனை மடங்கு ஏறியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளைக்காரன் ஊரிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் 1876-ல் ஆறுகள் மாசுத் தடுப்புச் சட்டம் போட்டார்கள். ஆலைக்காரர் தம்மால் முடிந்த வழியையெல்லாம் கையாண்டுவிட்டேன் என்று காட்டினால் தப்பிக்கலாம் என்று அதிலேயே வாசல் திறந்துவிட்டார்கள். இந்தியாவில் 1897-ன் மீன்வளச் சட்டம் தண்ணீரில் நஞ்சு கலந்து மீன் பிடிப்பதைத் தடுத்தது. 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் 12-ஆம் பிரிவில் கழிவை ஒழுங்காக அகற்று என்றது. 1953-ல் ஒரிசாவும் 1969-ல் மகாராஷ்டிரமும் தனிச்சட்டம் செய்தன. எல்லாமே துண்டும் துணுக்கும்.

1974-ன் சட்டம் எதில் மாறுபட்டது என்றால், அது 277-ன் கண்ணியை முதலில் அவிழ்த்தது. ‘நீரோடை’ என்பதற்கு அதில் கொடுத்த விளக்கத்தைப் படித்தால் எழுதியவர் கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றும். ஆறு, ஓடை, தற்சமயம் வறண்டு கிடந்தாலும் ஓடைதான், குளம், ஏரி, இயற்கையானாலும் வெட்டியதானாலும் சரி, நிலத்தடி நீர், கடலும் கழிமுகமும்கூட ஓரளவுக்கு. சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் குளமும் சட்டத்தின் கண்ணுக்குத் தண்ணீர்தான். இரண்டாவது, தப்பு நடந்த பிறகு பிடிப்பது என்ற முறையை விட்டு, கழிவை வெளியே விடுவதற்கு முன்னாலேயே அனுமதி வாங்கு என்றது. அந்த அனுமதிக்கு எங்கள் ஆபீஸ் தமிழில் இசைவாணை என்று பெயர். இசைவாணை இல்லாமல் புதிய குழாயைத் திறந்தாலே குற்றம். ஆறு கெட்டதா, மீன் செத்ததா, யார் வேண்டுமென்றே செய்தார் என்ற விசாரணையே வேண்டாம்.

ஆனால் இசைவாணை வைத்திருப்பவன் அதில் சொன்ன அளவை மீறினான் என்று காட்ட வேண்டும் அல்லவா? அங்கேதான் எங்கள் ஆட்கள் வந்தோம், கேனோடு.

சட்டம் 21-ஆம் பிரிவில் மாதிரி எடுக்கும் சடங்கை விளக்கியிருக்கிறது. சடங்கு என்றுதான் சொல்ல வேண்டும், ஒரு மந்திரம் தவறினாலும் பலிக்காது. முதலில் அந்த இடத்திலேயே, அப்போதே, ஆலைப் பொறுப்பாளரிடம் ‘இந்தத் தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுக்கப் போகிறோம்’ என்று எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவர் முன்னிலையில் எடுக்க வேண்டும். இரண்டாகப் பிரித்து இரண்டு கேனில் ஊற்றி, அடையாளமிட்டுச் சீல் வைத்து, எங்கள் கையெழுத்தும் அவர் கையெழுத்தும் போட வேண்டும். ஒன்று வாரியத்தின் லேபுக்குப் போகும். அவர் கேட்டுக்கொண்டால் இன்னொன்று அரசு அறிவித்த வேறு லேபுக்குப் போகும். இந்த வரிசை பிசகினால் அந்தத் தண்ணீரில் என்ன இருந்தாலும் கோர்ட்டில் சாட்சியமாக ஏற்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. 1986-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு பாட்டில் கம்பெனி வழக்கில் அப்படித்தான் செய்தது. மாதிரியைச் சட்டம் சொன்ன முறையில் பரிசோதிக்கவில்லை, ஆகவே செல்லாது. அந்தத் தீர்ப்பு வந்த பிறகு எங்களுக்கு மேலிருந்து வந்த அறிவுரையெல்லாம் அரக்கையும் நூலையும் பற்றித்தான்.

ஆலைக்காரர்கள் கழிவை இராத்திரியில் திறந்துவிடுவார்கள் என்று தெரியும். நாமும் இராத்திரியில் போக வேண்டும். வாசலில் மேஸ்திரி நிற்பார். ‘முதலாளி ஊர்ல இல்லீங்க, கையெழுத்து போட எனக்கு அதிகாரம் இல்லீங்க, காலையில வாங்க.’ காலையில் குழாயில் வருவது கிணற்றுத் தண்ணீராக இருக்கும். வேண்டுமென்றே விலகி நின்றால் நாமே சீல் வைத்து அனுப்பலாம் என்று சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் வேண்டுமென்றே விலகி நின்றார் என்பதை அப்புறம் யார் நிரூபிப்பது? மறுபடியும் நாம்தான்.

மாதிரி கிடைத்தாலும் அது ஐஸ் பெட்டியில் லேப் போய்ச் சேர வேண்டும். நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை எவ்வளவு தின்கின்றன என்று பார்ப்பதற்கு இருபது டிகிரியில் ஐந்து நாள் வைத்திருக்கும் முறை அப்போது. ஆற்றில் விடுவதென்றால் அந்த அளவு லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கரைந்த ஆக்சிஜன் இருக்கிறதா என்று பார்க்க அங்கேயே குப்பியில் மாங்கனீஸ் சல்பேட்டும் காரக் கரைசலும் விடுவோம். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரியும், இல்லாவிட்டால் வெள்ளையாக. வேலூர்ப் பக்கத்து ஓடைகளில் நான் பார்த்தது அநேகமாக வெள்ளைதான். அதைப் பார்க்க ஐந்து நாள் தேவையில்லை.

இப்போது அந்த எட்டு வருஷத்துக்கு வருகிறேன். பாலாற்றங்கரையில் தோல் பதனிடுவது பழைய தொழில். அன்றைக்கு ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் உப்பும். நாற்றம் உண்டு, உப்பு உண்டு, ஆனால் பெரும்பகுதி மட்கிவிடும். 1972-ல் சீதாராமையா குழு அறிக்கை கொடுத்தது: பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்யாமல், முழுத்தோலாகவும் செருப்பாகவும் செய்து அனுப்பினால் அந்நியச் செலாவணி கூடும். அடுத்த வருஷமே பாதித்தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. குரோம் பதனிடல் பெருகியது. ஆக டெல்லியில் ஒரு இலாகா தண்ணீரைக் காக்கச் சட்டம் எழுதிக்கொண்டிருந்த அதே சமயம், இன்னொரு இலாகா குரோமியத்தை ஆற்றங்கரைக்கு அழைத்துக்கொண்டிருந்தது. அழைத்தது வந்துவிட்டது. காக்க வேண்டியது தமிழ்நாட்டுக்கு வர 1982 ஆயிற்று. அதற்குள் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோல் ஷாப்புகள் வேர்விட்டுவிட்டன. நாங்கள் கேனோடு போய் நின்றபோது, ஏற்கனவே ஆயிரக்கணக்கானவர் அதில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஓடும் ஆலையை நிறுத்துவதும், இன்னும் கட்டாத ஆலைக்கு இடம் மறுப்பதும் ஒன்றா?

கேரளத்தில் மட்டும் சட்டம் சீக்கிரம் வந்து ஆற்றைக் காப்பாற்றிவிட்டதா என்று கேட்கலாம். இல்லை. சாலியாற்றங்கரையில் மாவூர் ரேயான் ஆலை 1963-ல் ஓடத் தொடங்கியது, நிரந்தரமாக மூடியது 2001-ல்தான். அங்கே கே.ஏ. ரஹ்மான் என்ற வாழக்காட்டுக்காரர் வாழ்நாள் முழுக்கப் போராடி, ஆலை மூடுவதைப் பார்க்காமலே 1999-ல் புற்றுநோயில் இறந்தார். ஆகவே எட்டு வருஷம் முந்தி வந்திருந்தால் பாலாறு பிழைத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஒரு இடத்தில் நிறுத்திக் கேட்க ஆளாவது இருந்திருக்கும்.

வாரியத்தின் கை அப்போது எவ்வளவு கட்டப்பட்டிருந்தது என்றால், 1988 வரை ஓர் ஆலையை மூடு என்று வாரியம் நேராகச் சொல்ல இந்தச் சட்டத்தில் இடமில்லை. மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போய்த் தடை கேட்க வேண்டும். 1984 டிசம்பரில் போபால் விஷவாயு விபத்து நடந்தது. 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988 திருத்தத்தில்தான் 33-ஏ பிரிவு சேர்ந்து, மின்சாரத்தைத் துண்டி, தண்ணீரை நிறுத்து, ஆலையை மூடு என்று ஆணையிடும் அதிகாரம் வாரியத்துக்குக் கிடைத்தது. அதே திருத்தம் சாதாரணக் குடிமகனும் அறுபது நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கோர்ட்டில் புகார் செய்யலாம் என்றது. இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வையுங்கள்.

செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? 1977-ல் தண்ணீர்த் தீர்வைச் சட்டம் போட்டார்கள். ஆலைகளும் நகராட்சிகளும் எடுக்கும் தண்ணீருக்குக் கிலோலிட்டருக்குப் பைசா கணக்கில் தீர்வை. மீட்டர் ஓடாத ஆலைகள் எத்தனையோ. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தீர்வையும் போய்விட்டது.

1991-ல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வாதாடியவர் எம்.சி. மேத்தா, கான்பூர்த் தோல் ஷாப்புகள் வழக்கில் 1987-லேயே கங்கைக்காக நின்றவர். நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட விவரங்கள் எங்களுக்குப் புதிதல்ல, ஆனால் ஒன்றாகச் சேர்த்துப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது. குரோம் முறையில் 170 வகை இரசாயனம். ஒரு கிலோ தோல் முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப்படி தோல் ஷாப்புப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பாழ். திண்டுக்கல் பக்கம் பதின்மூன்று கிராமங்களில் 467 கிணற்றைப் பார்த்ததில் 350 கெட்டுப்போயிருந்தது. திண்டுக்கல்லில் அப்படிப்பட்ட ஒரு கிணற்றில் நானே மாதிரி எடுத்திருக்கிறேன். தோட்டத்துக்காரர், ‘சார், இதுல ஒரு வாளி மொண்டு தென்னைக்கு ஊத்துங்க, மட்டை எப்ப விழும்னு நான் தேதி சொல்றேன்’ என்றார். விளையாட்டாகச் சொன்ன மாதிரி இல்லை.

1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவனே சீர்செய்யும் செலவையும் தர வேண்டும் என்பதற்காக அந்தத் தீர்ப்பை எல்லோரும் சொல்வார்கள். அதில் இன்னொரு வாசகம்தான் எங்களைப் போன்ற கேன் தூக்கிகளுக்கு முக்கியம். தன் தொழில் சுற்றுச்சூழலுக்குத் தீங்கில்லாதது என்று காட்டும் பொறுப்பு தொழில் செய்கிறவர் மேல்தான். 1860 முதல் கெட்டது என்று நிரூபிக்க வேண்டியவன் தண்ணீர் குடிக்கிறவனாகவோ அவனுக்காகப் போகும் அரசு ஊழியனாகவோ இருந்தான். அந்தப் பாரம் முதல்முறையாக எதிர்ப்பக்கத் தோளுக்கு மாறியது. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டார்கள். இழப்பீடு கணக்கிட ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தார்கள். ஆனாலும் 21-ஆம் பிரிவு அப்படியே இருந்தது. உச்ச நீதிமன்றத்தில் பாரம் மாறியிருக்கலாம், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் எங்கள் அரக்கு முத்திரை பிளந்திருந்தால் எங்கள் வழக்கும் பிளந்ததுதான். பாலாற்றுக்காரர்களுக்கு 2001-லும் 2009-லும் ஆணையிட்ட இழப்பீட்டில் மிச்சம் இருப்பதை ஆறு வாரத்துக்குள் கொடு என்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது, 2025 ஜனவரி 30-ல்.

திருப்பூரைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, ஊரறிந்த கதை. பாசனத்துக்காக நொய்யலில் 1992-ல் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள், அது சாயத்தண்ணீர்த் தொட்டி ஆயிற்று. கீழ்மடை விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மொத்தமாக மூடச் சொன்னது. ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு வைத்தவர்கள் திறந்தார்கள். கேன் இல்லாமல், மாதிரி இல்லாமல், ‘எதுவுமே வெளியே வரக்கூடாது’ என்று சொல்லிவிட்டால் நிரூபிக்கும் சிக்கலே தீர்ந்துவிடுகிறது. பெரிய முதலாளி தாங்கினார். சின்னப் பட்டறைக்காரர் பலர் தாங்கவில்லை.

ஓய்வுபெற்று ஊருக்கு வந்து பழையாற்றைப் பார்த்தபோது, படித்த பாடமெல்லாம் பாதிதான் உதவும் என்று தோன்றியது. இங்கே ஒற்றைக் குழாய் இல்லை. சுருளோட்டுப் பக்கம் மலையிலிருந்து இறங்கி, பூதப்பாண்டி, ஒழுகினசேரி, சுசீந்திரம் வழியாக மணக்குடியில் கடலில் சேருகிற ஆறு. மேலே ரப்பர்ப் பாலை ஃபார்மிக் அமிலம் விட்டு உறைய வைத்துத் தகடு அடிப்பவர்கள், ஒவ்வொருவர் வீட்டுப் புறத்தாலும் ஒரு மெஷின். நடுவில் நாகர்கோவில். கீழே கழிமுகத்துப் பக்கம் தேங்காய்க் கதம்பல் அழுகப்போட்டுக் கயிறு திரித்த காலம் ஒன்று உண்டு. கறுத்த தண்ணீரும் அழுகிய முட்டை நாற்றமும். அதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் ஒருவேளைக் கஞ்சிக்குக் கயிறு திரித்த பெண்கள். எந்தக் களப்பணியாளன் அவர்களுக்கு நோட்டீஸ் நீட்டுவான்?

எங்கள் ஊர்ப் பட்டறைகளும் மாறிவிட்டன. அப்பா உளியால் தட்டியபோது கல் தூள் கீழே விழுந்து கிடந்தது. இப்போது கட்டிங் மெஷினில் தண்ணீர் விட்டு அறுக்கிறார்கள், பால்போல் ஓடுகிறது. சட்டத்தின் விளக்கப்படி தொழில் செய்யும் இடத்திலிருந்து வெளியேறும் எதுவும், திரவமானாலும் திடமானாலும், வணிகக் கழிவுதான். தம்பி மகன் பட்டறையில் இதைச் சொன்னேன். ‘பெரியப்பா, நீங்க வீட்லயே ரெய்டு வந்தா எப்டி?’ என்றான். பிறகு ஒரு தொட்டி கட்டி மண்டியைத் தேக்கினான். நோட்டீஸ் தேவைப்படவில்லை.

பெரிய குழாய் நகரம்தான். வீட்டுச் சாக்கடையும் சட்டத்துக்குள் வரும், நகராட்சிக்கும் இசைவாணை வேண்டும். 1980-லேயே ரத்லாம் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர், பணம் இல்லை என்று சொல்லி நகராட்சி தன் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று எழுதிவிட்டார். 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உள்ளாட்சிகள் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க மூன்று வருஷக் கெடு வைத்தது. என் பணிக்காலத்தில் நான் போன இடங்களில் தோல் ஷாப் முதலாளி கூண்டில் நின்று பார்த்திருக்கிறேன். நகராட்சித் தலைவர் எவரும் நின்று பார்த்ததில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-ல் நாடு முழுக்க 351 மாசுபட்ட ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. தமிழ்நாட்டில் ஆறு, அதில் தாமிரபரணியும் உண்டு. நெல்லைத் தாமிரபரணி, எங்கள் குழித்துறைத் தாமிரபரணி அல்ல. பழையாறு பட்டியலில் இல்லை. 2022-ல் சுசீந்திரம்-தேரூர்க் குளங்களுக்கு சர்வதேச ஈரநிலம் என்ற ராம்சர் அந்தஸ்து வந்தது, பறவைகளுக்காக. வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு செய்தியையும் வைத்து ஒருவர் ‘பாருங்கள், நம்ம தண்ணி சுத்தம்’ என்று டீக்கடையில் வாதாடினார். பட்டியலில் இல்லாததற்கு அளக்கவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றேன்.

2024 பிப்ரவரியில் பாராளுமன்றம் 1974-ன் சட்டத்தை மறுபடி திருத்தியது. தீர்மானம் போட்ட மாநிலத்துக்கே திருத்தமும் பொருந்தும் என்பதால் முதலில் இமாசலம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்கள் என்று மட்டும் தொடங்கியது. அதே பழைய 252. திருத்தப்படி ஓடையில் நஞ்சு விடுவதற்குச் சிறைத்தண்டனை கிடையாது, பத்தாயிரத்திலிருந்து பதினைந்து இலட்சம் வரை அபராதம். கோர்ட்டுக்குப் பதில் தீர்ப்பளிக்கும் அதிகாரி ஒருவர் விசாரித்து விதிப்பார். இசைவாணை இல்லாமல் ஆலை நடத்தினால் மட்டும் ஆறு வருஷம் வரை சிறை என்பது நிற்கிறது. சில வகை ஆலைகளுக்கு இசைவாணையே வேண்டாம் என்று மத்திய அரசு விலக்கும் தரலாம். என்னோடு வேலை செய்த பலருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு இரண்டு மனது. ஜெயில் என்று எழுதியிருந்த காலத்தில் ஜெயிலுக்குப் போனவர்களை விரல் விட்டு எண்ணலாம். அபராதம் உடனே வசூலானால் அது மேல். ஆனால் பெரிய ஆலைக்குப் பதினைந்து இலட்சம் என்பது மாதச் செலவில் ஒரு வரி. அதைவிட, விலக்கு என்ற சொல் எனக்குப் பயம். முன்கூட்டியே அனுமதி கேள் என்பதுதான் 1974-ல் உண்மையிலேயே புதிதாக வந்த ஒன்று. அதைத் தளர்த்தினால் நாம் 277-ஆம் பிரிவுக்குத்தான் திரும்பிப் போகிறோம், கெட்ட பிறகு யார் கெடுத்தார் என்று தேடும் இடத்துக்கு.

போன கும்பப்பூ சாகுபடியின்போது கடைமடைப் பையன்கள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். வாய்க்காலில் நுரை வருகிறது, வயலில் இறங்கினால் காலெல்லாம் சொறிகிறது. கையில் ஒரு மினரல் வாட்டர் பாட்டில், உள்ளே சாம்பல் நிறத் தண்ணீர். ‘சார், இத டெஸ்ட் பண்ணி கேஸ் போடணும்.’

அந்தப் பாட்டில் கோர்ட்டில் நிற்காது என்று சொன்னேன். முகம் விழுந்துவிட்டது. பிறகு 1974-ன் சட்டத்தில் 49-ஆம் பிரிவை எடுத்துக் காட்டினேன். வாரியத்துக்கு அறுபது நாள் நோட்டீஸ் கொடுங்கள். அதற்குள் அவர்கள் வந்து முறைப்படி எடுக்கட்டும். எடுக்கவில்லையென்றால் நீங்களே புகார் தாக்கல் செய்யலாம். அப்படிச் செய்தபின், தன் கையில் இருக்கும் அறிக்கைகளை நீங்கள் கேட்டால் வாரியம் தந்தாக வேண்டும். பொதுநலனுக்கு விரோதம் என்றால் மட்டும் மறுக்கலாம். அந்த வாய்க்காலில் கடைசியாக எப்போது மாதிரி எடுத்தீர்கள், ஆக்சிஜன் எவ்வளவு இருந்தது, நாகர்கோவில் மாநகராட்சியின் இசைவாணை எந்தத் தேதிவரை செல்லும், இந்த மூன்றை மட்டும் முதலில் கேளுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். வரும் வெள்ளிக்கிழமை நோட்டீஸைத் தபாலில் அனுப்புகிறார்கள்.